வரும் வாரத்து வானிலையும் அறுவடைக் காலத்து வேலைகளும்

கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்பது நம் நாட்டுப்புறங்களில் வழங்கிவரும் பழமொழி. பல தலைமுறைகளின் அனுபவத்தில் பிறந்த இம்மொழி பெரும்பாலான ஆண்டுகளுக்குப் பொருந்தும். ஆயினும், பொருந்தாத ஆண்டுகளில் நேரிடும் நட்டம் மிகப் பெரிது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் மார்கழியில் வந்தது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த ‘தானே’ புயலும் மார்கழிப் புயலே. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் பெருவெள்ளம் உண்டாயிற்று. அப்போது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த தொடர்மழையால் கதிர் முற்றிய நெல் சாய்ந்து, நீரில் கிடந்து, வயலிலேயே முளைவிட்டது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் இலங்கைக் கரையைக் கடந்த தாழ்வு மண்டலத்தினால் காவிரி டெல்டாவில் மீண்டும் அதே துயரம் நிகழ்ந்தது.

அவ்வாண்டில், 33 சதவீதத்திற்கு மேல் சேதமுற்ற நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அளிக்கப்படும் என்று அரசு அறிவித்தது. ஏக்கர்க் கணக்கில் இது சுமார் 8,000 ரூபாய் ஆகும். நிவாரணம் உழவருக்கு ஆறுதல் அளிக்கும். ஆனால் ஐந்து மாத உழைப்பின் விளைச்சலுக்கு அது ஈடாகாது. ஆகவே, மழை பெய்த பின் நட்டத்தைக் கணக்கிடுவதைவிட, மழைக்கு முன் கிடைக்கும் நான்கைந்து நாட்களைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதே அறிவுடைமை. அந்த நாட்களை நமக்குக் காட்டித் தருவது வாராந்திர வானிலை முன்னறிவிப்பு. அதைப் படித்துப் பொருள் உணர்வது எவ்வாறு, அதன்படி வயலிலும் ஊரிலும் செய்ய வேண்டுவன யாவை என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முன்னறிவிப்பு நம்மை வந்தடையும் வழி

வானிலையை அளந்து பதிவு செய்யும் பணி நமது மாநிலத்திற்குப் புதிதன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டிலேயே வான் ஆய்வு நிலையம் அமைந்தது. இந்திய வானிலைத் துறை 1875ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இன்று சென்னையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் தென்னிந்தியப் பகுதிக்கு அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. துணைக்கோள்கள் அனுப்பும் மேகப் படங்கள், சென்னை, காரைக்கால் முதலிய இடங்களிலுள்ள ரேடார் கருவிகளின் பதிவுகள், கடலில் மிதக்கும் கருவிகளும் கப்பல்களும் தரும் செய்திகள், தரை நிலையங்களின் அளவீடுகள் ஆகிய அனைத்தையும் கணிப்பொறிகளில் இட்டு, வரும் நாட்களின் காற்றோட்டத்தைக் கணக்கிடுகின்றனர். அக்கணக்கை அனுபவம் மிக்க அதிகாரிகள் ஆராய்ந்து அறிக்கையாக எழுதுகின்றனர்.

உழவர் அறிந்திருக்க வேண்டிய அறிக்கைகள் மூன்று. முதலாவது, நாள்தோறும் வெளியாகும் மாவட்டவாரி முன்னறிவிப்பு. இது அடுத்த சில நாட்களின் மழை, பனி, காற்று, வெப்பநிலை ஆகியவற்றைக் கூறும். இரண்டாவது, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண்மைப் பல்கலைக்கழக நிலையங்களின் உதவியுடன் வெளியாகும் வேளாண் வானிலை அறிவுரை. இது வானிலையோடு பயிருக்குச் செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொல்லும். மூன்றாவது, வியாழக்கிழமைகளில் வெளியாகும் இரண்டு வாரங்களுக்கான பொதுக் கண்ணோட்டம். இது நாள் குறித்துச் சொல்லாது. மழை வழக்கத்தைவிட மிகுமா, குறையுமா என்ற போக்கை மட்டுமே காட்டும். வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ் ஆகியவற்றில் இவற்றின் சுருக்கம் வெளிவருகிறது. கைப்பேசி உடையோர் ‘மேக்தூத்’ என்னும் செயலியில் தம் மாவட்டத்து அறிவுரையைத் தமிழிலேயே பெறலாம்.

குளிர்கால வாரத்தின் மூன்று தன்மைகள்

தமிழ்நாட்டிற்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் சராசரியாக 44 செ.மீ. மழை கிடைக்கிறது. ஆண்டு மழையில் இது ஏறத்தாழ பாதி. ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்குரிய மழையோ மிகச் சொற்பம். ஆகையால் மார்கழி நடுவிலிருந்து மாசித் தொடக்கம் வரையுள்ள வாரங்களை மூவகையாகப் பிரித்தறிவது எளிது.

முதல் வகை, வறண்ட பனி வாரம். வானம் தெளிந்து காற்று அடங்கியிருக்கும் இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவில் இழந்து குளிர்கிறது. அதனை ஒட்டிய காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகவும் மூடுபனியாகவும் மாறுகிறது. குளிர்கால வாரங்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகை, கீழைக்காற்று வாரம். கடலின் மேல் வீசும் கிழக்குக் காற்றில் வேக மாறுபாடு தோன்றும்போது கடலோர மாவட்டங்களிலும், அவற்றை அடுத்த உள்மாவட்டங்களிலும் ஓரிரு நாள் மழை பெய்யும். அறிக்கையில் ‘கிழக்குத் திசைக் காற்றின் வேக மாறுபாடு’ என்ற சொற்றொடரைக் கண்டால் இதனை எதிர்பார்க்கலாம்.

மூன்றாம் வகை, தாழ்வுப் பகுதி வாரம். தென்மேற்கு வங்கக் கடலிலோ, இலங்கையை ஒட்டிய கடலிலோ காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகி நம் கரையை நெருங்கும். இத்தகைய வாரம் குளிர்காலத்தில் அரிதாகவே வரும். ஆனால் மேலே குறிப்பிட்ட பெருநட்டங்களுள் பல இத்தகைய வாரங்களில் விளைந்தவையே. காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.க்குக் குறைவாயின் தாழ்வுப் பகுதி என்றும், அதற்கு மேல் தாழ்வு மண்டலம் என்றும், 62 கி.மீ.யை எட்டினால் புயல் என்றும் அழைக்கப்படும். இங்கே உழவர் ஒன்றை மறத்தலாகாது. மழையின் அளவு இப்பெயர்களைப் பொறுத்ததன்று. புயலாக வலுப்பெறாமலே ஒரு தாழ்வுப் பகுதி ஓரிடத்தில் தங்கிப் பெருமழையைக் கொட்டிவிடக்கூடும்.

அறிக்கையின் சொற்களை அறிதல்

வானிலை அறிக்கையில் ஒவ்வொரு சொல்லும் அளந்து இடப்பட்டது. பொதுப் பேச்சில் வழங்கும் பொருளில் அவற்றைக் கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

இடத்தைக் குறிக்கும் சொற்கள்: ‘ஓரிரு இடங்களில்’ என்றால், அப்பகுதியிலுள்ள மழை அளவு நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பெய்யும் என்பது பொருள். ‘சில இடங்களில்’ என்றால் கால் பங்குக்கு மேல், பாதி வரை. ‘அநேக இடங்களில்’ என்றால் பாதிக்கு மேல், முக்கால் பங்கு வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால் பங்குக்கு மேல். எனவே, ஓரிரு இடங்களில் மழை என்று அறிவித்த நாளில் நம் ஊரில் தூறல்கூட விழவில்லையாயின், அறிவிப்புப் பொய்த்தது என்று கூறுவது சரியன்று. நான்கு ஊர்களில் மூன்றில் மழை இல்லாதிருப்பதே அச்சொல்லுக்கு இசைந்த நிலை.

அளவைக் குறிக்கும் சொற்கள்: ‘கனமழை’ என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை. ‘மிகக் கனமழை’ என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை. அதற்கு மேற்பட்டது ‘அதி கனமழை’. ஒன்றரை செ.மீ.க்கு உட்பட்டது லேசான மழை. அதற்கு மேல் 6 செ.மீ. வரை மிதமான மழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிவது. ஆகவே, திங்கட்கிழமைக்குக் கூறிய மழை செவ்வாய் விடியற்காலையில் பெய்தாலும் அது திங்கட்கிழமைக் கணக்கே.

இவ்வளவுகளை வயலில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் பொருள் விளங்கும். ஓர் ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. 7 செ.மீ. கனமழை பெய்யின் ஏக்கருக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். நூறு ஏக்கர் வயல்வெளிக்கு ஒரே வடிகால் வாய்க்கால் இருக்குமாயின், அதன் வழியாக 2 கோடியே 80 லட்சம் லிட்டர் நீர் வெளியேற வேண்டும். அவ்வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நிறங்கள்: பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் கவனித்திருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும். ஆனால் இந்நிறங்கள் பொதுமக்களின் பாதுகாப்பை மனத்திற்கொண்டு இடப்படுபவை. சாலைக்கும் வீட்டிற்கும் தீங்கு செய்யாத 3 செ.மீ. மழை, களத்தில் காயும் நெல்லுக்குப் பெருந்தீங்கு செய்யும். அறுவடைக் காலத்தில் பச்சை நிறத்தின் கீழும் மழைச் சொல் ஏதேனும் உள்ளதா என்று உழவர் பார்க்க வேண்டும்.

ஏழு நாட்களும் ஒரே தரத்தன அல்ல

வார முன்னறிவிப்பில் முதல் இரண்டு நாட்களுக்குக் கூறப்படுவது மிகுந்த உறுதியுடையது. மூன்றாம், நான்காம் நாட்களில் மழை வரும் வாய்ப்பை ஓரளவு நம்பலாம். எந்த வட்டாரத்தில், எவ்வளவு என்பது மாறக்கூடும். ஐந்தாம் நாள் முதல் கூறப்படுவதைத் திசை காட்டும் கைகாட்டியாக மட்டுமே கொள்ள வேண்டும். கடலில் நிகழும் சிறு மாறுதல்கூட நாளாக நாளாகப் பெரிதாகி மழையின் இடத்தை நூறு கி.மீ. தள்ளிவிடுவதே இதற்குக் காரணம். ஆகையால் வார அறிக்கையை ஒரு முறை படித்து வைத்துவிடுவது போதாது. நாள்தோறும் புதிய அறிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். மூன்று நாட்கள் தொடர்ந்து அறிக்கை ஒரே திங்கட்கிழமையைச் சுட்டுமாயின் நம்பிக்கை கூடுகிறது. நாளுக்கு நாள் மாறிவருமாயின் பொறுத்திருந்து பார்ப்பதே நன்று.

ஒரு மாதிரி வாரம்

இம்முறையைத் தெளிவாக்க, தை மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமையன்று டெல்டா மாவட்டம் ஒன்றுக்குப் பின்வருமாறு அறிக்கை வந்ததாக வைத்துக்கொள்வோம். வெள்ளி, சனி: வறண்ட வானிலை, அதிகாலையில் லேசான பனிமூட்டம். ஞாயிறு: ஓரிரு இடங்களில் லேசான மழை. திங்கள், செவ்வாய்: பெரும்பாலான இடங்களில் மிதமான மழை, ஓரிரு இடங்களில் கனமழை. புதன்: சில இடங்களில் லேசான மழை. வியாழன்: வறண்ட வானிலை.

ஊரில் எல்லா வயல்களும் ஒரே நிலையில் இரா. எனவே ஒரே அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது.

முதலாவது, கதிரில் 80 சதவீத மணிகள் வைக்கோல் நிறம் அடைந்த சம்பா வயல். இதனைத் திங்கள் வரை விட்டுவைத்தல் கூடாது. வெள்ளியும் சனியும் அறுவடைக்குரிய நாட்கள். விடியற்காலைப் பனி உலர்ந்து, முற்பகல் 10 மணிக்கு மேல் அறுவடையைத் தொடங்கினால் நெல்லின் ஈரம் குறைவாக இருக்கும். சனிக்கிழமை முழுவதும் களத்தில் காய வைத்து, ஞாயிறு நண்பகலுக்குள் சாக்கில் கட்டி மேடான இடத்தில் அடுக்கிவிட வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீத ஈரப்பதமே வரையறை என்பதால், ஒரு நாள் வெயிலின் மதிப்பை உழவர் நன்கு அறிவர்.

இரண்டாவது, முற்றுவதற்கு இன்னும் பத்து நாட்கள் உள்ள வயல். இதனை அச்சத்தினால் அறுத்துவிடுதல் தவறு. முற்றாத மணி பதராகவும் நொய்யாகவும் போகும். இவ்வயலில் செய்ய வேண்டியது நீரை வடித்து, வரப்பில் வடிமடைகளைத் திறந்து வைப்பதே. நிலம் உலர்ந்து வேர் உறுதியாக நின்றால் காற்றிலும் மழையிலும் கதிர் சாய்வது குறையும்.

மூன்றாவது, பூக்கும் பருவத்திலோ பால் பிடிக்கும் பருவத்திலோ உள்ள தாளடி வயல். இதற்கு மேலுரம் இடுவதையும் மருந்து தெளிப்பதையும் புதன் வரை ஒத்திவைக்க வேண்டும். ஞாயிறு இட்ட யூரியா திங்களன்று வடிகாலில் ஓடிவிடும்; பணமும் போகும், கீழ்மடைக் குளத்தில் பாசியும் பெருகும்.

நான்காவது, அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன் நெல்லின் ஊடே உளுந்து, பயறு விதைக்கக் காத்திருக்கும் வயல். சனிக்கிழமை விதைத்தால் திங்களன்று தேங்கும் நீரில் விதை அழுகும். புதன் மாலைக்குள் நீரை வடித்து, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும் நாளில் விதைத்தால் அதே மழை விதைக்கு நன்மை செய்யும். மழையைத் தடுக்க நம்மால் இயலாது. அதற்கு முன்னும் பின்னும் வேலையை அமைத்துக்கொள்ள இயலும்.

எச்சரிக்கை பொய்த்தால் என் செய்வது?

இந்த இடத்தில் உழவர் கேட்கும் கேள்வி நியாயமானது. முன்னறிவிப்பை நம்பி வேலை செய்து, மழை வராமற்போனால் நட்டம் யாருடையது? அதனால்தான் வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டுகிறோம். செய்த பின் திருப்பிக்கொள்ளக் கூடிய வேலைகள் ஒரு வகை; திருப்பிக்கொள்ள முடியாத வேலைகள் மற்றொரு வகை.

வடிமடையைத் திறத்தல், வாய்க்காலைத் தூர் எடுத்தல், தார்ப்பாயைக் களத்திற்குக் கொண்டுவந்து வைத்தல், உரம் இடுவதை நான்கு நாள் தள்ளிவைத்தல், முற்றிய கதிரை இரண்டு நாள் முன்னதாக அறுத்தல் ஆகியவை முதல் வகை. மழை வராவிட்டாலும் இவற்றால் இழப்பது மிகக் குறைவு. வந்தால் காப்பதோ முழு விளைச்சல். ஆகவே, நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே கூறப்பட்டாலும் இவற்றைச் செய்துவிடலாம். முற்றாத பயிரை அறுத்தல், வீட்டு நெல்லை அவசரத்தில் குறைந்த விலைக்கு விற்றல், விலை உயர்ந்த மருந்தை மழைக்கு முந்திய நாள் அடித்தல் ஆகியவை இரண்டாம் வகை. இவற்றை ஐந்தாம் நாள் முன்னறிவிப்பை மட்டும் நம்பிச் செய்யலாகாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர், முன்னறிவிப்பு ஒரு முறை தவறினாலும் பெரிதாக இழக்கமாட்டார். அது சரியாகும் ஒவ்வொரு முறையும் பயன் பெறுவார்.

பனியும் உறைபனியும்

மழை இல்லாத வாரம் கவலை இல்லாத வாரம் என்று எண்ணலாகாது. இரவுக் குளிரும், காலை நெடுநேரம் இலையில் தங்கும் பனி ஈரமும் நெல்லில் குலை நோய் பரவ இடம் தருகின்றன. தழைச்சத்தை மிகுதியாக இட்ட வயலில் இந்நோய் விரைந்து பரவும். அறிக்கையில் தொடர்ந்து பனிமூட்டம் கூறப்பட்டால், கதிர் வெளிவரும் வயல்களைக் காலையில் சுற்றிப் பார்த்து, இலையில் கண் வடிவப் புள்ளிகளோ கழுத்துப் பகுதியில் கருமையோ தென்பட்டால் உதவி வேளாண்மை அலுவலரை உடனே கலந்துகொள்ள வேண்டும். மாந்தோப்பு உடையோர், பூங்கொத்துகளில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் தோன்றுகின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

நீலகிரியிலும் கொடைக்கானல் மலைப்பகுதியிலும் இவ்வாரங்களில் உறைபனி விழுகிறது. அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பநிலை 3 அல்லது 4 டிகிரி என்று கண்டு, உறைநிலைக்கு மேல் உள்ளதே என்று மலைவாழ் உழவர் அசட்டையாக இருத்தல் கூடாது. அவ்வெப்பநிலை தரையிலிருந்து ஓர் ஆள் மார்பளவு உயரத்திலுள்ள பெட்டியில் அளக்கப்படுவது. தெளிந்த இரவில் புல்தரை அதைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். மேலும், குளிர்ந்த காற்று கனமானதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பள்ளத்தாக்கிலுள்ள தேயிலை இளங்கன்றுகளையும் காய்கறிப் பாத்திகளையுமே முதலில் காக்க வேண்டும். இளங்கன்றுகளுக்கு உலர்ந்த புல்லினாலோ தழையினாலோ மூடாக்கு இடுதலும், தெளிப்பான் உள்ளோர் நீர் தெளித்தலும் பயன் தரும்.

அடர்ந்த பனிமூட்டம் சாலையிலும் ஆபத்து விளைவிப்பது. விடியற்காலையில் நெல் ஏற்றிச் செல்லும் டிராக்டர்களின் பின்புறத்தில் ஒளி திருப்பும் பட்டைகள் ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். சாலையில் நெல் காய வைக்கும் வழக்கமும் இக்காலத்தில் உயிருக்கே தீங்காக முடியக்கூடும்.

ஊராட்சியின் கடமைகள்

தனி உழவர் தம் வயலின் மடையைத் திறக்கலாம். ஆனால் ஊரின் வடிகாலைத் தனியொருவர் தூர் எடுக்க இயலாது. எனவே வானிலை அறிக்கையைப் பயன்படுத்துவதில் பாதிப் பொறுப்பு ஊராட்சியைச் சார்ந்தது. பின்வரும் ஏற்பாடுகளை ஒவ்வோர் ஊராட்சியும் செய்துகொள்ளலாம்.

1. ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், கொள்முதல் நிலையம் ஆகிய மூன்று இடங்களில் கரும்பலகை வைத்து, அடுத்த மூன்று நாட்களின் வானிலையை நாள்தோறும் எழுதுதல். அறிக்கையின் சொற்களை மாற்றாமல், ‘ஓரிரு இடங்களில்’ என்றிருந்தால் அவ்வாறே எழுத வேண்டும். படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரையோ, சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவரையோ இப்பணிக்குப் பொறுப்பாக்கலாம்.

2. அறுவடை இயந்திரங்கள் ஊருக்குள் வரும்போது, முதலில் பள்ளக்கால் வயல்கள், பின்னர் மேட்டுக்கால் வயல்கள் என்று முறை வகுத்தல். முந்தியவருக்கே இயந்திரம் என்ற நிலையில், மழை வரும் வாரத்தில் சிறு உழவரின் பள்ளத்து வயல் கடைசியில் மூழ்கிப்போகிறது. ஈர நிலத்தில் ஓடக்கூடிய சங்கிலிச் சக்கர இயந்திரங்கள் எங்குள்ளன என்று வேளாண்மைப் பொறியியல் துறையிடம் முன்னதாகவே கேட்டு அறிந்து வைக்க வேண்டும்.

3. உலர்களம், சமுதாயக் கூடம் ஆகியவற்றை மழைக்கு முந்திய நாட்களில் நெல் காய வைப்பதற்கும் அடுக்குவதற்கும் திறந்துவிடுதல்.

4. வடிகால் வாய்க்கால், சாலைக் குறுக்குப் பாலம், ஏரிக் கலிங்கு ஆகியவற்றின் அடைப்பை அகற்றுதல். பலவீனமான கரைகளில் மணல் மூட்டைகளை ஆயத்தமாக வைத்தல். மேலூர் வடிகாலைத் திறப்பது கீழூரை மூழ்கடிக்கும் இடங்களில், இரு ஊராட்சிகளும் முன்னதாகவே கலந்து பேசி முறை வகுத்துக்கொள்ள வேண்டும்.

5. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் குடிநீர்த் தொட்டிகளை நிரப்பிக் குளோரின் கலந்து வைத்தல்; பழுதடைந்த வீடுகளில் வாழும் முதியோரையும் குழந்தைகளையும் பாதுகாப்பான கட்டடத்திற்கு மாற்றுதல்; ஆடுமாடுகளை மேட்டில் கட்டுவித்தல். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

6. ஊரிலேயே மழையை அளத்தல். அரசு மழைமானி பத்து கி.மீ. அப்பால் இருக்கக்கூடும். அடியிலும் வாயிலும் ஒரே அகலமுள்ள உருளை வடிவப் பாத்திரத்தை மரமும் சுவரும் மறைக்காத திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால், அந்த உயரமே மழை அளவு. அதனை முன்னறிவிப்புக்கு எதிரே ஒரு பேரேட்டில் எழுதி வரலாம். சில ஆண்டுகளில், எத்தகைய அறிக்கைக்கு நம் ஊரில் எவ்வளவு மழை பெய்கிறது என்ற அறிவு ஊருக்கே உரிய சொத்தாகிவிடும்.

மழைக்குப் பின்

மழை நின்ற முதல் நாளின் வேலை, அதற்கு முந்திய நாட்களின் வேலைக்குக் குறைந்ததன்று. சாய்ந்த கதிர் நீரில் கிடந்தால் சில நாட்களிலேயே முளைவிடத் தொடங்கும். ஆகவே நீரை உடனே வடித்து, சாய்ந்த பயிரைச் சிறு சிறு கட்டுகளாகத் தூக்கிக் கட்டி நிறுத்தினால் ஒரு பகுதியையேனும் காக்கலாம்.

பயிர்க் காப்பீடு செய்த உழவர் காலக்கெடுவை மறவாதிருத்தல் வேண்டும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்படி, அறுத்து வயலில் பரப்பியோ சிறு கட்டுகளாகக் கட்டியோ உலர வைத்த பயிர், அறுவடையிலிருந்து 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழையால் கெடுமாயின் இழப்பீடு கோரலாம். அதற்குச் சேதம் நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் தகவல் தெரிவித்தாக வேண்டும். 14447 என்ற எண்ணிலோ, வங்கி அல்லது வேளாண்மை அலுவலகத்திலோ தெரிவிக்கலாம். வயலின் புல எண், காப்பீட்டு ரசீது, நாள் தெரியும்படி எடுத்த புகைப்படம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருப்பது நலம். ரசீது எங்கே என்று தேடுவதிலேயே இரண்டு நாட்கள் கழிந்துவிடும் குடும்பங்கள் பல. இக்காகிதங்களை மழைக்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு வைப்பதும் மேலே கூறிய திருப்பிக்கொள்ளக் கூடிய வேலைகளில் ஒன்றே.

ஜனவரி 26ஆம் நாள் நடைபெறும் கிராம சபைக் கூட்டம் அறுவடைக் காலத்தின் நடுவே வருகிறது. அக்கூட்டத்தில் வானிலைப் பலகைக்கும், வடிகால் தூர் எடுக்கும் முறைக்கும், அறுவடை இயந்திர வரிசைக்கும் தீர்மானம் நிறைவேற்றிப் பொறுப்பாளர்களைப் பெயர் குறித்து நியமித்தல் வேண்டும். அன்று வானம் தெளிந்திருந்தாலும், அந்த வாரத்து அறிக்கையை உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டட்டும். அறுக்க வேண்டிய வயல்கள் எவை, விட்டுவைக்க வேண்டியவை எவை, அடைத்த வாய்க்கால் எது என்பவற்றை ஊரார் அங்கேயே பேசி முடிவு செய்துகொண்டால், மறுநாட் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.